மாடி போர்ஷனுக்கு வந்த இலக்கியம்

1

நாடிழந்தவனின் குரலில்தான் ஒரு மொழி தன் மனசாட்சியைக் கேட்கிறது.

இந்த வாக்கியத்தைச் சேலையூரில், சொந்த வீட்டில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினேன். அடித்துவிடலாம். உண்மையில் இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்த யாழ்ப்பாணத்து எழுத்தாளர் தாமோதரன் மேல். (பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றிய பெயரும் என் பெயரைவிட நன்றாக அமைந்துவிட்டது.)

2

எண்பத்து நான்கில் வந்தார். ஊரில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை ஒரு சிற்றிதழ் கேட்டு வாங்கிப் போட்டது. 'இங்கே மழை. போன மாதம் சொன்னவர் நலம். குடை இல்லை.' இவ்வளவுதான் கடிதம். 'மௌனத்தின் அழகியல்' என்றார்கள் விமர்சகர்கள்.

அவரிடமே கேட்டேன்.

"அழகியலும் இல்லை, ஒண்டும் இல்லை அண்ணை. வழியிலை ஆமிக்காரங்கள் உடைச்சுப் பாப்பாங்கள். பேர் ஊர் எழுதினா அவளுக்கெல்லோ கரைச்சல்."

ஆக, பயம்தான் நடை. நானும் என் கதையில் பேர் ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே இதழுக்கு அனுப்பினேன். 'யார், எங்கே, ஒன்றும் புரியவில்லை' என்று திரும்பி வந்தது. இரும்புலியூரில் பிறந்து பக்கத்துச் சேலையூர் வரை வந்ததுதான் என் புலம்பெயர்வு. என் கடிதத்தை உடைத்துப் பார்க்க என் மனைவிகூட மெனக்கெட மாட்டாள்.

3

(தாம்பரம் ஸ்டேஷனில் கடலை நினைத்து அவர் கண்ணீர் விடுவதாக ஒரு காட்சி எழுதினேன். அன்றைக்கு அவர் பல்லாவரம் சந்தையில் மாம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆகவே அந்தக் கண்ணீரை அடித்துவிட்டேன்.)

அவருக்கு நிச்சயமான வாசகர் வேறு இருந்தார். இலங்கைக்காரர்களை விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து வாராவாரம் வரும் ஏட்டு குப்புராஜ்.

"சார், மேல கீறவரு இன்னா எழுதிகினு கீறாரு?"

"நானும்தான் எழுதறேன் ஏட்டய்யா."

"நீங்க எழுதினா இன்னா சார் ஆவப்போவுது?"

என் எழுத்தைப் பற்றி வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

4

தொண்ணூற்றொன்று மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் எல்லோரும் இலங்கைக்காரர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். "நீயும் அனுப்பிடு சார், பேஜாரு" என்றார் குப்புராஜ்.

"பொண்ணுக்கு வரன் பாக்கற நேரம். வாசல்ல ஜீப் நின்னா யாருங்க வருவாங்க?" என்றாள் என் மனைவி சாமுண்டீஸ்வரி.

தாமோதரன் பெட்டியோடு இறங்கி வந்தார். "நான் வெளிக்கிடுறன் அண்ணை."

"எங்க போவீங்க?"

"தெரியேல்லை."

முதல் முடிவு: மனிதநேயம் பொங்கி அவரைத் தடுத்தேன். (இதற்குப் பரிசு கிடைக்கும்.)

இரண்டாம் முடிவு: பயந்து அனுப்பிவைத்தேன். (இதை எல்லோரும் நம்புவார்கள்.)

நடந்தது வேறு. ஒரு தடவை துரத்தப்பட்டதற்கே இத்தனை புகழ். இன்னொரு தடவை என்றால் தொகுப்பே வந்துவிடும். துரத்தியவனாக அதில் நான் இருப்பேன். பெட்டியைப் பிடுங்கி மாடிக்குத் தூக்கிப் போனேன். 'இவருக்கு நான் பொறுப்பு' என்று ஏட்டிடம் எழுதிக் கொடுத்தேன்.

அது தைரியமா, பொறாமையா? நீங்களே முடிவு செய்யுங்கள். என்னிடம் கேட்டால் தைரியம் என்றுதான் சொல்வேன்.

5

அடுத்த இதழில் அவர் கடிதம் வந்தது. 'இங்கே சுகம். வீட்டுக்காரர் நல்லவர்.' அவ்வளவுதான்.

தாம்பரம் கிளை நூலகத்தில் இருக்கும் பிரதியில் 'வீட்டுக்காரர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாவால் 'ஏகநாதன், எழுத்தாளர்' என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்.