பிரிஜெட்டின் ஒரு மணிச் சாப்பாடு

1994ஆம் ஆண்டு தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை முதல், காக்ஸ் டவுனில் பிரிஜெட் சாப்பிட்ட சாப்பாடு அவள் புருஷன் இராஜமாணிக்கத்தின் உடம்பிலும் ஒட்டியது. அவர் சாப்பிட்டது அவர் உடம்பில் ஒட்டவில்லை. அந்த வருஷம் வெயில் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது, மார்க்கெட்டில் பீன்ஸ் முற்றலாகவே கிடைத்தது. மற்றபடி அந்தத் தெருவில் சொல்லும்படியாக வேறொன்றும் நடக்கவில்லை.

இராஜமாணிக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தவர். வயது ஐம்பது, எட்டு வருஷமாகச் சர்க்கரை. அந்த வெள்ளிக்கிழமை மதியம் கேரியரில் இருந்த சோறு, பருப்பு, வறுத்த மீன் எல்லாவற்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், இரண்டு மணிக்கு மெஷின் பக்கத்திலேயே சட்டை நனைய வியர்த்து விழுந்தார். தலை இரும்பில் மோதாமல் போனது ஒரு சாண் வித்தியாசத்தில். தொழிற்சாலை வைத்தியர் பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதனுக்கு இது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. அதே நேரம் வீட்டில் பிரிஜெட் விடிந்ததிலிருந்து ஒரு தம்ளர் கடுங்காப்பியோடு ஒருசந்தி நோன்பு இருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒருசந்தி இல்லாத நாட்களிலும் அவள் சாப்பாடு பெரிய வித்தியாசம் இல்லை. துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, ராத்திரிக்கு அரைத்து வைத்தபிறகு மூன்றரை மணிக்கு அடுப்படியில் நின்றபடியே, சட்டியின் அடியில் இருப்பதை வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். கண் இருட்டினால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். எழுந்து நிற்பது என்றாலே எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்த திங்களும் புதனும் இராஜமாணிக்கம் மறுபடி தள்ளாடினார், இரண்டு முறையும் மதியம் இரண்டு மணிக்கு.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு மௌரீன். நர்ஸ் வேலை பார்த்தவள்; குவைத்தில் இருந்த அவள் தம்பி சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை அனுப்பியிருந்தான். பத்து நாள் அவள் இராஜமாணிக்கத்தின் விரலைக் குத்தி, நாட்காட்டியின் கட்டங்களில் எண்களை எழுதி வந்தாள். பதினோராம் நாள் பிரிஜெட்டுக்கு ஒரு துண்டு பிறந்தநாள் கேக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் இராஜமாணிக்கத்தின் சர்க்கரை இருநூற்று முப்பதுக்குப் போயிற்று. அவர் அன்று உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை.

டாக்டர் நாராயணசாமி இருவரையும் கிளினிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். இராஜமாணிக்கத்துக்கு இரண்டு லட்டு கொடுத்துக் காத்திருந்தார், ஒன்றும் ஏறவில்லை. பிரிஜெட்டுக்கு அரை லட்டு கொடுத்தார், இராஜமாணிக்கத்துக்கு ஏறியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இது புதுசும்மா. ஆனா கேஸ் கஷ்டமில்ல. மாத்திரை அவரு சாப்பிடணும், சாப்பாடு நீங்க சாப்பிடணும்" என்றார்.

பிறகு இராஜமாணிக்கத்தின் பெயர் போட்ட சீட்டில் எழுதினார்: மனைவிக்குக் காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு. சோறு பாதித் தட்டுக்கு மேல் வேண்டாம், மீதிப் பாதி காயும் பருப்பும். தினம் ஒரு கீரை. வாரம் நாலு நாள் கேழ்வரகு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது. கடைசியில் அடிக்கோடு போட்டு, நின்றுகொண்டு சாப்பிடக் கூடாது.

பிரிஜெட்டுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியவில்லை. முதல் வாரம், ஆளில்லாத வீட்டில் மதியம் ஒரு மணிக்குத் தனக்கென்று தட்டு வைத்து உட்கார்வது திருட்டுத்தனம் போல இருந்தது. வாசலில் சத்தம் கேட்டால் தட்டை நகர்த்தி வைத்தாள். ஒருசந்தியை விட்ட பாவத்தைப் பங்குச் சாமியாரிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்து, பசித்தவருக்குச் சோறு போடுவதும் தவம்தான், நீ உன் வாய் வழியாகப் போடுகிறாய், அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார். தொழிற்சாலையில் ஒன்றரைக்குச் சங்கு ஊதியதும் இராஜமாணிக்கத்தின் கூட்டாளி முனியப்பன், மௌரீன் வீட்டுப் போனுக்கு அடித்து, பிரிஜெட்டைக் கூப்பிடச் சொல்லி, "அக்கா, ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பாடு ஆயிற்றா என்பதைக் கன்னடத்தில் கேட்பான். இல்லை என்றால் மெஷினை நிறுத்தி வைப்பார்கள். ஊரில் எல்லோரும் பேச்சுக்குக் கேட்கிற கேள்விதான். அவளிடம் மட்டும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இராஜமாணிக்கத்துக்கு முதலில் கொண்டாட்டம். தன் உடம்பில் எதுவும் ஒட்டாது என்று தெரிந்ததும் எட்டு வருஷமாக விட்டிருந்த பன், அல்வா, பிரியாணி எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் தின்று தீர்த்தார். நாக்குக்கு ருசி தெரிந்தது, அதோடு சரி. ஆனால் அவள் தட்டில் அவருக்கு ஒரு கண் இருந்தது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பதினோரு மணிக்கு என்னமோ இனிப்பு தின்னியே, என்னது?" என்பார். உருளைக்கிழங்கை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டது அவருக்கு ரத்தத்தில் தெரிந்தது. இப்படி இரண்டு மாதம் போனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிக் குழம்பில் அவள் கரண்டியை விட்டபோது அவர் அவள் கையைப் பார்த்தார். பிரிஜெட் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்டிக்கிட்டு இருபத்திரெண்டு வருஷம். சாப்ட்டியான்னு ஒரு நாள் கேட்டதில்ல. இப்பவும் நீங்க கேக்கல, உங்க சக்கரை கேக்குது."

குரலை உயர்த்தவில்லை. குழம்பு ஆறியது. மறுநாள் விடியற்காலை அவள் எழுந்து வந்தபோது, அவர் தரையில் செய்தித்தாளை விரித்து முளைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்டையும் இலையையும் தப்பாகப் பிரித்திருந்தார். அவள் திருத்தவில்லை. முதல் களி கட்டி கட்டியாக வந்தது. நான்காவது வாரம் பதம் பிடிபட்டது. கொள்ளுப் பயறை முதல் நாளே நனைத்து முளைகட்டினார், வெந்த கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று மௌரீன் சொன்னதால் அவளுக்குத் தனியாகப் பிழிந்தார், தை மாதத்து அவரைப் பருப்பை ஒவ்வொன்றாகப் பிதுக்கினார். வேலைக்குக் கிளம்பும் முன் அவள் தட்டைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டுப் போவார். என்ன தின்றாய் என்று கேட்பதை விட்டுவிட்டார். சாப்ட்டியா என்று மட்டும் கேட்டார், சர்க்கரை சரியாக இருந்த நாட்களிலும்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. அதற்குள் ஓசூரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போன மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, தெருவுக்குக் கேபிள் டிவி வந்தது, தொழிற்சாலையில் பாதிப்பேருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், அதில் இராஜமாணிக்கமும் வெளியே வந்தார். பிரிஜெட்டின் ஹீமோகுளோபின் ஏழிலிருந்து பன்னிரண்டாயிற்று. வாய் ஓரப் புண் ஆறியது. ஒரு நாள் மாடிப்படி ஏறிப் பாதியில், சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறோம் என்று தெரிந்து அவள் அங்கேயே சற்று நின்றாள்.

2000ஆம் ஆண்டு ஜூலையில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. காலை ஏழு மணிக்கு என்றால் அவரும் தாங்குவார் என்று நாராயணசாமி கணக்குப் போட்டு, அவருடைய மாத்திரையை நிறுத்தியும் வைத்தார். ஆனால் முன்னால் ஓர் அவசரக் கேஸ் வந்துவிட, பதினொன்றாகியும் கூப்பிடவில்லை. கடைசியில் தள்ளுவண்டியில் அவளை உள்ளே கொண்டுபோகும்போது, வராந்தா பெஞ்சில் மௌரீன் பக்கத்தில் இராஜமாணிக்கம் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விரல்கள் நடுங்கின. அந்த மருத்துவமனை டாக்டர்களில் விஷயம் தெரிந்தவர் யாருமில்லை; சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நினைவு இருந்தது. தன் தலை சுற்றுகிறதா அவர் தலை சுற்றுகிறதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சர்க்கரை ஐம்பத்தாறு என்று யாரோ சொன்னார்கள், குளுக்கோஸ் எடுத்து வரச் சொன்னார்கள். அது வருவதற்குள் அவள் நாக்கில் இட்லி ருசித்தது. கூடவே புதினாச் சட்னி, அதில் கொஞ்சம் உப்பு அதிகம். நெஞ்சுக்குள் இதமாகச் சூடு இறங்கியது. மயக்க மருந்து டாக்டர் மறுபடி மறுபடி விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, அறுபத்தெட்டு, இப்போது எண்பது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கோபமாகக் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"அவரு வெளிய சாப்டுறாரு டாக்டர். நீங்க ஆரம்பிங்க" என்றாள் பிரிஜெட்.

வெளியே நடந்ததை மௌரீன் பிறகு சொன்னாள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்றுதான் அவள் தான் கொண்டுவந்திருந்த இட்லி டப்பாவைக் கொடுத்தாளாம். தனக்கு ஒட்டாது என்று தெரிந்தும் அவர் நாலு இட்லியைப் பிட்டுப் பிட்டு, ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, கண்ணை அந்தக் கதவிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாராம். மூன்றாவது இட்லியில் அவர் கை நடுக்கமும் நின்றது. உள்ளே அவளுக்கு ஏறியது அவளிடமிருந்து திரும்பி அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று மறுவாரம் சீட்டு வந்தது. அதை வாசித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.

அதன்பிறகு யார் சாப்பிட்டாலும் இருவருக்கும் ஒட்டியது. இராஜமாணிக்கம் அல்வாவை விட்டார், வருத்தமில்லாமல். காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வாய் கசந்தால் மற்றவர் அந்த வேளைக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டார். தவக்காலத்தில் ஒரு வெள்ளி அவர், மறு வெள்ளி அவள் என்று ஒருசந்தியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சாமியாருக்கு ஆட்சேபணை இல்லை. தெருமுனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவரைத்தான் குத்தி, இரண்டு பேருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த தீபிகா என்ற பெண் 2004இல் முதல் நாளே இதைக் கற்றுக்கொண்டாள். இருவரும் படியேறி வருவதைப் பார்த்ததும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு, "இந்தத் தடவை யார் கை?" என்று கேட்பாள்.