செல்லாயியின் நிறம்

1

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. 1979இல், பெரம்பலூர் ஸ்டுடியோ ஒன்றின் கண்ணாடிப் பெட்டியில், கையால் வண்ணம் பூசிய ஒரு பெண்ணின் படத்தை, இதை எழுதுகிறவள் பார்த்தாள். ரோஜாப்பூ நிறம். அந்த ஊர் வெயிலில் நிற்கும் எவளுக்கும் அந்த நிறம் இல்லை.

முதல் தொடக்கம்: 'அழகிய சிறுநகரமான பெரம்பலூரில்' (வேண்டாம். பொய்.)

2

ஆண்டாயி, எட்டாவதோடு நின்றவள். அமிர்தலிங்கத்தின் ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுகிறாள். வாடிக்கையாளர்களின் வாய்தான் அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது.

"ஏம்மா, பொண்ணு கன்னத்துல யாராச்சும் அறைஞ்சுட்டாங்களா?" என்றார் லப்பைக்குடிகாட்டு நைனா முகமது. அன்றுமுதல் ஈரம் காயுமுன் பஞ்சால் கன்னச் சிவப்பின் ஓரத்தைக் கரைத்தாள்.

"மொகம் ஒரு ஊரு, கழுத்து ஒரு ஊரா?" என்றார் பாடாலூர் ராசாங்கம். பிறகு வண்ணத்தைக் கழுத்துவரை இழுத்தாள்.

(இங்கே எழுதுகிறவள் அவளைக் கத்தவைத்தாள், பிறகு அந்த வரியை அடித்துவிட்டாள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவள் கத்தமாட்டாள்.)

எல்லோரும் சொன்னது ஒன்று: "இன்னும் கொஞ்சம் வெளுப்பா." அதற்காகவே அமிர்தலிங்கம் படத்தை வெளிறலாகவே பிரிண்ட் போடுவார்.*

* வெளிறிய படத்தில் கறுப்பை ஏற்றலாம். கறுத்த படத்தில் வெளுப்பை ஏற்ற முடியாது. மறந்துவிடாதீர்கள்.

3

இறந்துபோன மகள் செல்லாயியின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்த காத்தாயி, அதை வாங்க வந்தாள். அந்தப் படம் கடையின் மாதிரிப் படமாகக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. ஆண்டாயி பூசியதிலேயே நேர்த்தியானது அதுதான்.

"யாரு வூட்டுப் புள்ள இது?"

"ஒங்க பொண்ணுதாங்க" என்றாள் ஆண்டாயி.

"கறுப்பி கறுப்பின்னு சொல்லியே அவளக் கெணத்துல வுழ வச்சாங்க மாமியா வூட்டுல. செத்தப்பறம் நீயும் அதையேதான் சொல்றியா?"

அமிர்தலிங்கம் சிரித்தார். "மகாலட்சுமியாட்டம் ஆக்கியிருக்கோம், கோவிச்சிக்கிறியே."

"ஒன் மகாலட்சுமிய நீயே வச்சிக்க. எம் மவளக் குடு."

4

முடிவு ஒன்று: ஆண்டாயி படத்தைக் கிழிக்கிறாள். (கிழித்தால் காத்தாயிக்கு என்ன மிஞ்சும்?)

முடிவு இரண்டு: அமிர்தலிங்கம் மனம் திருந்தி, காத்தாயியின் கையை (எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இதுவரைதான்: ஆண்டாயி படத்தை வெளியே எடுத்தாள். பழுப்பையும் கறுப்பையும் குழைத்தாள். அதுவரை தலைமுடிக்கும் புருவத்துக்கும் மட்டுமே தொட்ட நிறம்.

"கடைப் பேரு கெட்டுப்போவும். அதுல கை வச்சின்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்றார் அமிர்தலிங்கம்.

தூரிகை தாடைக்கு மேல் நின்றது. முதல் தடவையாக வாடிக்கையாளரிடம் அவளே கேட்டாள்.

"எவ்வளவு கறுப்பும்மா?"

காத்தாயி தன் முன்கையைப் படத்தின் அருகே நீட்டினாள். "இவ்ளோ."

இதற்குமேல் எழுதுகிறவள் எழுதமாட்டாள். தூரிகையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக வெளுப்பாக்கிய படமொன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். முதலில் அதை வெளியே எடுங்கள்.