பாலிஷ் போட்ட டயர்

கங்கா எழுந்து நின்றபோது முழங்கை எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது. நாளைக்கு பைக் ரேஸின் தகுதிச் சுற்று. இன்றைய முதல் பயிற்சியில், முதல் வளைவில் சாய்த்ததுமே வண்டி அடியிலிருந்து நழுவிப் போய்விட்டது. ஒரகடம் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஓ.டி. பார்த்து, சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கிய லீவு இப்படியா போகவேண்டும்?

விழுந்த வண்டியை வேனில் ஏற்றி வந்து, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் டீம்கள் வண்டியைச் சரிபார்க்கும் பிட்டில் இறக்கியதுமே டீம் முதலாளி ஸ்ரீதர் ஆரம்பித்துவிட்டார். அவள் கையில் ரத்தம் கசிந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

"இன்னாம்மா ஓட்டுற நீ? கடைக்கு ஸ்கூட்டில போறன்னு நெனச்சுக்கினியா? அடுத்த பிராக்டிஸ் லோகேஷ் ஓட்டட்டும். நீ ஓரமா ஒக்காரு."

லோகேஷ் அவருடைய அக்கா மகன். பெயருக்கு மாற்று ஓட்டுநர். காலையிலிருந்து செல்போனை நோண்டியதுதான் வேலை. டீமுக்கு இருப்பதோ ஒரே வண்டி. இரண்டாவது பயிற்சியில் யார் ஓட்டுகிறாரோ அவருக்குத்தான் நாளைக்கும் வண்டி.

கங்கா குனிந்து முன் டயரைத் தடவினாள். ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது. விரலை முகர்ந்தால் கார் கழுவுகிற கடை வாசனை. காலையில் பூஜை போட்டபோது சந்தனம், குங்குமம் போதாதென்று, போட்டோவில் பளபளவென்று தெரியட்டும் என டயர் பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்தவர் இந்த முதலாளி மகராசன்தான். ஆயுத பூஜைக்கு வேனைத் துடைக்கிற பழக்கம், ரேஸ் டயரிலும் கையை நீட்டிவிட்டது.

"சார், டயர்ல பாலிஷ் பூசியிருக்கீங்க. ஓரம் பூரா வழுக்குது."

"சாமிக்குப் பண்ணதுல குத்தம் கண்டுபுடிக்கிறியா? டயர் நல்லாத்தான் கீது. இன்னா ஃபிரடி?"

மெக்கானிக் ஃபிரடி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். சம்பளம் கொடுப்பவர் எதிரில் அவருக்கு வாய் வரவில்லை. வளைந்த கைப்பிடியை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கங்காவுக்கு அவரையும் சேர்த்து நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருந்தது.

லோகேஷ் ஹெல்மெட் மாட்டி ஏறி உட்கார்ந்தான். போகட்டும், விழட்டும், அப்போதாவது புரியும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. ஆனால் விழப்போகிறவன் அவனல்லவா, பாலிஷ் பூசியவர் இல்லையே? மனசு கேட்கவில்லை.

"லோகேஷு, மொத வளைவுல சாய்க்காத. என்ன மாதிரியே விழுவ."

"மாமா?" என்றான் அவன்.

ஸ்ரீதர் முகம் மாறியது. இப்போதுதான் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"எறங்குடா! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா என்ன உசுரோட வுடாது. ஃபிரடி, புது டயர மாட்டு!"

கங்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பாலிஷு, அவனுக்குப் புது டயரா சார்?"

பக்கத்து டீம்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரீதர் பாலிஷ் டப்பாவை எடுத்து அவசரமாகப் பைக்குள் திணித்தார்.

ஃபிரடி டயரை மாட்டி முடித்தார். லோகேஷ் இருந்த பக்கம் போகாமல், வண்டியை அவளிடம் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்ரீதர் தடுக்கவில்லை; கங்கா ஏறி உட்கார்ந்தாள். அவருக்கு நன்றி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் அவர் வாயைத் திறந்திருந்தால் சொல்லியிருப்பாள்.