ஏழாவது ஸ்டேஜுக்கு மேலே

கண்டக்டரம்மா சைக்கிளில் மலை ஏறப்போகிறாள் என்றதும் டிப்போவே சிரித்தது. அதுவும் தனியாக, எட்டு நாள், மலையைத் தாண்டி அந்தப் பக்கம் வரை. சிரிக்காத ஒரே ஆள் அவளுடைய அக்கா. அவள் சண்டைக்கு வந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பதினான்கு மாதம் முன்பு கண்டக்டரம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆறே மாதத்தில் டாக்டர், இனி எந்த வேலையும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? வீட்டில் அக்கா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க விடவில்லை. டிப்போவிலோ முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். இப்போது மேனேஜர், நிரந்தரமாகவே அங்கே மாற்றிவிடுகிறேன் என்று ஒரு தாளை நீட்டியிருந்தார். கையெழுத்துப் போட்டால் பஸ்ஸுக்கும் அவளுக்கும் தீர்ந்தது. போட மாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நிற்க, போடு போடு என்று அக்கா உயிரை வாங்கினாள்.

கடைசியில் அக்காதான் நிபந்தனை வைத்தாள். "மொத நாளே மேல இருக்கற லாட்ஜுக்கு நீயா போய்ச் சேரணும். வழியில எந்த வண்டியிலயும் ஏறக் கூடாது. ஏறினே, மறுபேச்சு பேசாம திரும்பி வந்து அந்தத் தாள்ல கையெழுத்துப் போடற."

"தள்ளிட்டுப் போகலாமா?"

"தள்ளு, உருட்டு, தலையில வேணாலும் தூக்கி வச்சுக்கோ. ஏறக் கூடாது, அவ்வளவுதான்."

கண்டக்டரம்மா உடனே தலையாட்டினாள். அந்தப் பாதை அவளுக்கு அத்துப்படி. பதினெட்டு வருடம் அதே ரூட். டிக்கெட் விலை மாறும் ஸ்டேஜ்கள் ஒன்பது. எந்த வளைவில் கூட்டம் இடப்பக்கம் சாயும், எந்த வளைவில் ஜன்னலோர ஆசாமி வாந்தி எடுப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்தத் தெம்பில்தான் நேரம் போட்டு வைத்திருந்தாள். ஏழாவது ஸ்டேஜ் வரைதான் கஷ்டம், அதற்கு மேல் லாட்ஜ் இருக்கும் எட்டு வரை சமதளம், காற்று வாங்கிக்கொண்டே மிதிக்கலாம் என்பது அவள் போட்ட கணக்கு.

விடிந்ததும் கிளம்பியவள், தடித்த டயர் சைக்கிளின் பின்னால் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கினாலும் முகம் சுளிக்காமல் ஏறினாள். இரண்டரை மணிக்கு ஏழாவது ஸ்டேஜ் வந்தது. வளைவைத் தாண்டிப் பார்த்தால் ரோடு ஏணியைச் சாத்திய மாதிரி நின்றது.

'இது எப்போ வந்துச்சு?' என்று திகைத்தாள்.

எப்போதும் இருந்ததுதான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஏறுபவரும் கிடையாது, இறங்குபவரும் கிடையாது. அவள் சீட்டில் உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறக்கிற இடம் அது. பதினெட்டு வருடமும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டே அந்த ஏற்றத்தைத் தாண்டியிருக்கிறாள். பஸ் அங்கே ஊர்வது கூடத் தன் சாப்பாடு சிந்தக் கூடாதென்று டிரைவர் காட்டும் கரிசனம் என்றே நினைத்திருந்தாள். ராக்கெட் என்று பயணிகள் கிண்டலாகப் பெயர் வைத்த அந்த மனிதரிடம் ஒருமுறை நன்றியும் சொன்னாள். அவரும் வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

கடைசிக் கியரும் தீர்ந்தது. இறங்கித் தள்ளினாள். முப்பது அடி நடப்பது, பிரேக்கைப் பிடித்து நிற்பது, மறுபடி முப்பது அடி. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. தேய்த்துவிட்டுக்கொண்டு, பதினெட்டு வருடத்துச் சாப்பாட்டையும் வாய்விட்டுத் திட்டினாள். அடிவயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். அங்கே வலி இல்லை. வலித்ததெல்லாம் காலும் தோளும்தான், அவை யாருக்கும் வலிக்கும். அதில் அவளுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

லாட்ஜுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் வெயில் இறங்கிவிட்டது. பின்னால் கடைசி பஸ் முனகிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. ராக்கெட் எட்டிப் பார்த்தார். பின்படியில் புதுக் கண்டக்டர் விசிலும் வாயுமாக நின்றான். நடு ஜன்னலில் அக்கா! மனசு கேட்காமல் கிளம்பி வந்திருக்கிறாள்.

திட்டத்தான் போகிறாள் என்று கண்டக்டரம்மா காத்திருந்தாள். அக்காவின் குரல் உடைந்துபோயிருந்தது.

"ஏறிடுடி. நான் வச்ச நிபந்தனைதானே, நானே விட்டுட்டேன். லாட்ஜ் வாசல்ல எறங்கிக்கோ, கையெழுத்தெல்லாம் போட வேணாம். கால் நடுங்குதுடி உனக்கு, பாக்க முடியல."

"சைக்கிள மேல ஏத்திடலாம்மா, ரெண்டு நிமிஷம்" என்றார் ராக்கெட்.

கேட்காமலே எல்லாச் சலுகையும் கிடைத்துவிட்டது. படி இரண்டடி தூரம். ஏறினால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் நாளை காலையில் தன்னையே அவள் எந்த முகத்தோடு பார்ப்பாள்?

கண்டக்டரம்மா சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள். வலது கையை விரித்துப் பஸ்ஸின் பக்கவாட்டில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாம் ரைட்!"

ராக்கெட்டின் தலை இன்னும் வெளியேதான் இருந்தது. வாய்கூட எதையோ சொல்லத் திறந்தது. ஆனால் அந்தக் குரலுக்குப் பழகிய கால் அவரைக் கேட்கவில்லை, கிளட்சை விட்டுவிட்டது. பஸ் நகர்ந்தது. "ஐயோ, நிறுத்துங்க, அவ ஏறல!" என்று அக்கா கத்தினாள். ஊதாத விசிலோடு புதுக் கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

பஸ் வளைவு திரும்பி மறையும்வரை அவள் நின்று பார்த்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே தள்ளத் தொடங்கினாள், முப்பது அடி.