கொட்டாவியும் பச்சை விளக்கும்

ஒலிவ மரத்தில் சாத்திய ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பந்தேலிஸ், ஆறாவது தடவையாகக் கொட்டாவி விட்டான்.

"கண்ணு பட்டிருக்கு," என்றாள் மனைவி எவாந்தியா. "பொறாமை பிடிச்சவளுக நேத்து எங்க தோப்பையே பாத்துக்கிட்டு நின்னாளுக. கொட்டாவி சும்மா வருமா?"

மூன்று முறை 'த்தூ' என்றுவிட்டு, டம்ளர் தண்ணீரில் எண்ணெயைச் சொட்டி மந்திரத்தை முணுமுணுத்தாள்.

"அடியே, அந்தத் தண்ணியக் குடிக்கவாவது குடு. நாக்கு ஒட்டுது."

நர்ஸ் ஸ்தமாத்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏதென்ஸிலிருந்து வந்த இயந்திரம் பச்சை காட்டும்போது அவளுக்கு என்ன பயம்? மணிக்கட்டு ரத்தக்குழாயில் செருகிய ஊசி வழியே ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் அது வாங்கிப் படிக்கும். ஆயிரக்கணக்கானவர்களின் அலைகளைப் பார்த்துத் தேறியது. உள்ளே ரத்தம் கசிந்தால், மனிதர்கள் மோப்பம் பிடிக்கும் முன்பே சிவந்துவிடும்.

இருந்தாலும் அந்தத் தாகம் அவளை உறுத்தியது; உள்ளே ரத்தம் போனாலும் இப்படித்தான் நாக்கு வறளும். டாக்டர் ஹரிதோஸிடம் போய், "கொட்டாவியும் தாகமுமா இருக்கார். வயித்த இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணலாமா டாக்டர்?" என்றாள்.

"அது ஆயிரம் பேரைப் படிச்சிருக்கு. நீ கொட்டாவியப் படிக்கறியா?" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த அறைக்குள் போனார். என்ன கர்வம்!

திரும்பி வந்தவள் திரையின் மூலையில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தாள். 'இவரது இயல்பு பதிவான நேரம்: 11.40.' மாட்டிய முதல் அரைமணி நேரத்தைத்தான் அந்த ஆளின் இயல்பாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து மாறினால்தான் கத்தும். பந்தேலிஸ் வந்ததோ ஒன்பது மணிக்கு. கட்டில் காலியில்லாமல் இரண்டு மணி நேரம் நடைவழியில் கிடந்தான். கசிவு அப்போதே தொடங்கியிருந்தால்? ரத்தம் இழப்பதையே இவனுடைய ஆரோக்கியம் என்று அது கற்றுக்கொண்டிருக்கும். அதை மாட்டிவிட்டவள் அவளேதான்.

"பாத்தியாம்மா, கண்ணு கழிஞ்சிடுச்சு!" எவாந்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டாவி நின்னுடுச்சு. நிம்மதியாத் தூங்கறார்."

பந்தேலிஸின் உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஸ்தமாத்தியா போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தாள். பலகைபோல் விறைத்திருந்தது. திரையில் அழுத்தத்தின் எண் அப்போதுதான் சரியத் தொடங்கியது. விளக்கு இன்னும் பச்சைதான்.

"டாக்டர்!" என்று அலறினாள்.

எவாந்தியா உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாம்மா. அவர எழுப்பிடாதே."