கற்பனை இல்லாத புத்தகம்

ஸ்ரீனிவாசராகவன் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காகப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது பொன்மணி வந்தாள். அடையாற்றங்கரையிலிருந்து மந்தைவெளி வரை வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள் என்று முகம் சொல்லியது. அவர் மனைவி ஜெயலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டு மோர் கொடுத்தாள். பொன்மணி டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை.

அவர் எழுதிய புத்தகங்கள் எல்லாமே உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றியவை. பிணவறைக் காவலர்கள், சர்க்கஸை விட்டு வந்த பெண்கள், கடைசியாக ஆற்றங்கரைக் குடும்பங்கள். அங்கே போனால் பொன்மணியின் இட்லிக் கடையில்தான் உட்காருவார். ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாததை அவள் அவரிடம் சொன்னாள். பூங்கோதை அவள் பெற்ற பெண் அல்ல. ஆறு பெருகி ஊருக்குள் புகுந்த வருஷம், ஜனங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் கேட்பாரற்று அழுத குழந்தை. யாராவது தேடி வருவார்களா என்று சில நாள் பார்த்தாள். பிறகு, யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்து, புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேறு குப்பத்துக்குப் போய்விட்டாள்.

அதை அவர் எழுதினார். பெயர்களை மாற்றினார். ஆனால் இட்லிக் கடையை, புருஷனின் வெட்டுப்பட்ட விரலை, மகள் தி. நகர் ஜவுளிக்கடையில் நிற்பதை மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தால் அத்தியாயம் செத்துக் கிடந்தது. அவளைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று தோன்றாமல் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. வெளியீட்டு விழாவில் அந்த அத்தியாயத்தையே வாசித்தார். மயிலாப்பூர் சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஜவுளிக்கடையில் கூட நிற்கும் ஒருத்தி, உங்கள் வீடு மாதிரியே இருக்கிறதே என்று பூங்கோதையிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறாள். அதிலிருந்து பெண் வேலைக்குப் போகவில்லை, அம்மா போட்ட சோற்றைத் தொடவில்லை.

பொன்மணி அவரைத் திட்டவில்லை. "எனுக்குப் படிக்கத் தெரியாது. அவ படிச்சிக் காட்னா. நல்லாத்தான் எழுதிக்கீற சார். நீ வந்து, அது நீயே கட்டி வுட்டதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா நம்பும் அது."

அவருக்கு முதலில் நினைவு வந்தது பூங்கோதை அல்ல, முன்னுரை. இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை என்று எல்லாப் புத்தகத்திலும் போடுவார். அந்தப் பெண் வெளியே போய் எல்லாம் பொய்யாம் என்று சொன்னால், பத்திரிகைக்காரர்கள் கேட்டால் என்று மனம் அதற்குள் ஓடிவிட்டது. நிமிர்ந்தபோது ஜெயலக்ஷ்மி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவருக்குக் காது சுட்டது.

"சட்டையப் போட்டுண்டு கிளம்புங்கோ," என்றாள்.

பொன்மணியின் வீட்டில் பூங்கோதை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். அவர் நின்றுகொண்டே சொன்னார். குழந்தை கிடைத்த கதை தானே இட்டுக்கட்டியது, புத்தகம் பேசப்பட வேண்டும் என்று செய்தது.

அவள் முன்பக்கத்தைப் புரட்டினாள். "ஒரு வரிகூட கற்பனை இல்லன்னு போட்டிருக்கீங்களே சார். இதுல எது பொய்?"

"அந்த வரிதாம்மா பொய்."

பொன்மணி கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். பெண் அவளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பசிக்குதும்மா," என்றாள். பொன்மணி தடுப்புக்குப் பின்னால் ஓடினாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதும் பூங்கோதை எழுந்து வந்து புத்தகத்தை அவர் கையில் வைத்தாள்.

"எங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது சார்," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு நல்லா வருது."

அவர் குனிந்து வெளியே வந்தார். ஆற்றோரம், பூவரச நிழலில் நிறுத்தியிருந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அதை ஓட்டும் சேட்டு படுத்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னா சார், ஆளையே காணோம். பொன்மணியக்காவப் பத்தி எழுதிட்டியாமே, குப்பமே பேசிக்கினு கீது. என் கதைய எப்ப எழுதுவ?"

புத்தகத்தின் அட்டையை மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். சேட்டு தோளில் கிடந்த துண்டை எடுத்து, வண்டிப் பலகையைத் துடைத்து, நகர்ந்து இடம் விட்டான்.