பொட்டு வைத்த மெஷின்

தொட்டையன் வாங்கிய அந்தச் சின்னத் துவைக்கும் மெஷினின் மூடி நீலமா பச்சையா என்று கேட்டால் இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீலம் என்றுதான் நினைவில் நிற்கிறது. ஆனால் நினைவு தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிக்கொள்ளும். கடையில் முதலில் சிரித்தது யார், மொட்டைமாடியில் முதலில் பேச்சை நிறுத்தியது யார் என்பதிலும் சந்தேகம் உண்டு. வேட்டியின் நிறத்தில் மட்டும் சந்தேகமே இல்லை. அதை மைசூரின் மேட்டகள்ளியே பார்த்தது.

தொட்டையனுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. மார்டள்ளி என்ற தமிழ் பேசும் கிராமத்தில் பிறந்து, இளவயதிலேயே மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகும் மேட்டகள்ளியில், வீட்டுக்காரி பசம்மாவின் மாடியில், அதே வாடகை அறைகளில் தனியாக இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வேறு எதுவும் உடுத்த மாட்டார். பகலெல்லாம் கரிப்புகையில் நின்ற மனிதனுக்கு வெளியே வந்தால் வெள்ளைதான் வேண்டியிருந்தது. அந்த வெள்ளையை மொட்டைமாடித் துவைகல்லில் அவரே அடித்துத் துவைத்தார்.

ஆடி மழையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு பிரித்த பிறகும் கை பழையபடி ஆகவில்லை. சோறு பிசைந்தது; ஈரத்துணியைப் பிழியவில்லை.

மகள் நிர்மலா விஜயநகரில், அடுக்குமாடி வீட்டில், கணவனோடும் மாமனாரோடும் இருந்தாள். ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் வந்து அழுக்குத் துணிப்பையை எடுத்துப்போனாள். ஒவ்வொரு முறையும் அதே பேச்சு.

"ஒரு துணி பிழிய முடியலைன்னா தனியா இருக்க முடியாதுப்பா. அவ்ளோதான். உங்க ரூம் ரெடி."

"பாக்கலாம் அம்மணி."

"பாக்கலாம் இல்ல. வரீங்க."

அந்தப் பையில் சட்டையும் வேட்டியும்தான் இருக்கும். படுக்கை விரிப்பு ஒரு நாளும் இருந்ததில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

சில விடியல்களில் தொட்டையன் கண் விழிக்கும்போது படுக்கை நனைந்திருந்தது. இது தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டாக்டர், வயசானா வர்றதுதான் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை பாதி கேட்டது, மீதி கேட்கவில்லை. டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. பசம்மா எழுந்து வாசல் தெளிப்பதற்குள் விரிப்பை மாடிக்குக் கொண்டுபோய் அலசிவிடுவார். கை முறிந்த பிறகு பிழிய முடியாமல், தண்ணீர் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டார். அது சாயங்காலம்வரை கனத்துத் தொங்கியது.

நிர்மலா வீட்டில் அது எங்கே தொங்கும்? பால்கனியில். சம்பந்தி முனிராஜ் காலையில் பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு மேலே. தொட்டையன் அதை நினைத்தபடி கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. பாய்லருக்கு முன்னால் அப்படி உட்கார்ந்து பழகியவர் அவர். பேசாமல் இருப்பது அவருக்குச் சும்மா இருப்பதாகத் தோன்றியதே இல்லை. அப்படி உட்கார்ந்திருந்து ஒரு நாள் போனை எடுத்தார்.

"நிம்மி, என்னையக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. துவைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கோணும்."

தேவராஜ அரசு ரோட்டில் அந்தக் கடை தசராவுக்காகத் தோரணம் கட்டியிருந்தது. தொட்டையன் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. கடைக்காரர் அவரைப் பார்க்காமல் நிர்மலாவிடமே பேசினார். முன்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்த பெரிய மெஷின்களைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இதுக்குத் தண்ணி வேகமா வரோணுமா?" என்று தொட்டையன் கன்னடத்தில் கேட்டார்.

"ஆமா அங்கிள். குழாய்ல நல்ல பிரஷர் வேணும்."

"என்ற வீட்டுக் குழாய் அழுவுற மாதிரித்தான் வரும்" என்று மகளிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குக் கடையின் மூலைக்கு நடந்தார். அங்கே மிக்ஸி, இஸ்திரிப் பெட்டிகளோடு சில சின்ன மெஷின்கள் கிடந்தன.

"அங்கிள், அதெல்லாம் குழந்தைத் துணிக்கு."

"நானும் ஒரு காலத்துல குழந்தைதான். எறக்கு."

பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்தார். நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் பார்த்தது மடக்கி வைக்கிற ரப்பர் வாளி. விரிப்பைத் திணித்ததும் மூடி மூடவில்லை. அடுத்தது இரண்டு தொட்டி வைத்தது. இடது கையால் ஓர் அங்குலம் அசைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மூன்றாவது, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒற்றைத் தொட்டி. துவைத்து முடிந்ததும் உள்ளே ஒரு கூடையை வைத்தால் அதுவே சுழற்றித் துணியைப் பிழிந்துவிடும். விரிப்பு உள்ளே போனது. மூடி மூடியது. தொட்டையன் அதை இடது கையால் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, பிரிட்ஜ் வரிசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கிழவர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"மானமே போகுதுப்பா. பெட்ஷீட்டை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"இருக்கிற துணியில அதுதான் பெருசு."

"இது பொம்மைப்பா. என் வீட்ல பெரிய மெஷின் சும்மாக் கிடக்கு."

"அது உன்ற மெஷின்."

நிர்மலா அவரையே பார்த்தாள். "சரி. தசரா வரைக்கும் பாக்கறேன். இதை வெச்சு ஒழுங்காச் சமாளிக்கலைன்னா, மறு பேச்சில்லாம என்கூட வந்துடணும். சரியா?"

"வந்துடறேன்" என்றார்.

மெஷின் குளியலறையில் ஒரு முக்காலிமேல் ஏறியது. குவளையால் தண்ணீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, நேரம் காட்டும் முள்ளைத் திருகிவிட்டு, தொட்டையன் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டார். அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைத் துளைக்கு ஓடியது. கூடையிலிருந்து எடுத்த விரிப்பு பாதி காய்ந்தே வந்தது. பசம்மா இரண்டாம் காபி குடிப்பதற்குள் மடித்து உள்ளே வைத்துவிடலாம். ஞாயிறு வந்த நிர்மலா, சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனது அவருக்கு ஒரு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

தொட்டையன் வேலை செய்த இடத்தில் இதற்கு ஒரு முறை இருந்தது. மெஷினுக்கு நெற்றியில் பொட்டு வைப்பது ஆபீஸ்காரர்கள் வழக்கம். வேலைக்காரர்கள், வேலை நடக்கிற இடத்தில் வைப்பார்கள்: கடைசல் எந்திரத்துக்கு அதன் வாயில், பாய்லருக்கு அடுப்புக் கதவின் உள்பக்கம். அதன்படி தொட்டையன் மூடிமேல் எலுமிச்சையும் சாமந்தியும் வைத்து, வெளியே மூன்று பட்டை விபூதி இழுத்து, தொட்டிக்குள் குனிந்து, அடியில் சுழலும் தட்டில் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தை உள்ளங்கை அகலத்துக்கு வைத்தார். அன்று முழுக்க அதைத் தொடவில்லை. ஆயுதத்துக்கு ஓய்வு.

மறுநாள் விஜயதசமி. விடியலில் படுக்கை நனைந்திருந்தது. மதியம் நிர்மலா வீட்டில் விருந்து. யானை ஊர்வலமான ஜம்பூ சவாரிக்கு ரோடுகளை அடைப்பதற்குள் அவள் அழைத்துப்போக வருவாள். அவசரத்தில் எலுமிச்சையை எடுத்தார், பூவை எடுத்தார், வெளியே இருந்த விபூதியைத் துடைத்தார். விரிப்பைப் போட்டார். கூடவே சட்டைகளையும் வேட்டிகளையும் போட்டு முள்ளைத் திருகினார்.

மூடியைத் திறந்தபோது தொட்டி முழுக்கப் பன்னீர் ரோஜா நிறம்.

இரண்டு முறை அலசினார். நிறம் கொஞ்சம் இளைத்ததே தவிரப் போகவில்லை. கொஞ்ச நேரம் முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் எல்லாவற்றையும் கொடியில் விரித்துப் போட்டார், ஒன்றையும் மறைக்காமல்.

கீழேயிருந்து பசம்மா, அவரிடமே கற்றுக்கொண்ட தமிழில் கத்தினாள்: "ஏன் யஜமான்ரே, இந்த வருஷம் ஹோலி தசராக்கே வந்துடுச்சா?"

"ஆமா பசம்மா. சாயம் பீச்சுற பிச்காரி எடுத்துட்டு மேல வா."

நிர்மலா வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பட்டுப்புடவையோடு மாடிப்படி ஏறியவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா இது?"

"குங்குமம். உள்ள பொட்டு வெச்சேன். தொடைக்க மறந்துட்டேன்."

"அய்யோ ராமா!" சிரிப்பு வந்தது அவளுக்கு, அடக்கிக்கொண்டாள். "பேச்சு ஞாபகம் இருக்கா? தசரா வரைக்கும்னு. இன்னிக்கே பையைக் கட்டுங்க. வேட்டிகூட வெள்ளையா இல்லாம எப்படிப்பா..." என்று சொல்லிக்கொண்டே கொடியில் தொங்கியதைத் தள்ளப் போனவள் கையில் விரிப்பு பட்டது. கை அங்கேயே நின்றது. "மெஷின் வாங்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் இது கொடியில சொட்டிட்டிருந்துச்சு. அதுக்கு முன்னாடியும். கடைக்கும் இதைத்தான் கொண்டுவந்தீங்க. பண்டிகையும் அதுவுமா யாராவது பெட்ஷீட் துவைப்பாங்களா?"

டீ கொட்டிடுச்சு என்று சொல்லலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் நம்புவாள்; நம்பிப் பையைக் கட்டுவாள்; நாளைக்கோ மறுநாளோ முனிராஜின் நாற்காலிக்கு மேலே இந்த விரிப்பு சொட்டும். காற்றில் விரிப்பு உப்பி எழுந்து வெயிலில் நின்றது. தெரு முழுக்கப் பார்க்கும்படி இருந்தும் அதற்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ராத்திரியில நனைஞ்சு போகுது கண்ணு" என்றார். "ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. டாக்டருக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும்."

நிர்மலா பட்டுப்புடவையோடு அப்படியே துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"ஏன்ப்பா சொல்லல? எனக்கு அருவருப்பா இருக்கும்னா?"

"உனக்கு இருக்காது. எனக்கு இருக்கும். நீ அதைத் தொவைச்சுப் போடுவே. நான் தினமும் அதுக்குக் கீழ உக்காந்து உன் மாமனாரோட காபி குடிக்கோணும்." குரல் ஏறியது. "இங்க நானே நனைக்கறேன், நானே தொவைக்கறேன். மெஷின் மேல தப்பில்ல. பொட்டு வெச்சவன் நான். அடுத்த வருசம் வெளிய வெக்கறேன்."

"வரேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். இப்ப வர மாட்டேன்னு சொல்றேன். என்ன பண்ணுவே?"

அவள் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு சொல்லவில்லை. தூரத்தில் எங்கோ பேண்டு வாத்தியம் ஒத்திகை பார்க்கும் சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது. துணிகள் காய்கிற அளவுக்கு அந்த மௌனம் நீண்டது என்றால் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் சட்டைகள் காய்ந்துதான் இருந்தன.

"சாப்பாட்டுக்காவது வருவீங்களா?" என்றாள் கடைசியில்.

"அதுக்கு வருவேன். பசிக்குது."

"பெட்டியில புது வேட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

ஆனால் அவர் கொடியிலிருந்து ரோஜா நிறச் சட்டையையும் ரோஜா நிற வேட்டியையும் உருவினார். கீழே போய் உடுத்திக்கொண்டு, பசம்மா வாசலில் நின்று பார்க்க, மகளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நிர்மலா வண்டியைக் கிளப்பினாள்.

விஜயநகரில் முனிராஜ் கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். "என்ன சம்பந்தி, கலர் மாறிட்டீங்க?"

"மெஷினுக்குப் பூஜை போட்டேன். அது எனக்குத் திருப்பிப் போட்டுடுச்சு."

வீடே சிரித்தது. தொட்டையன் ஒப்பட்டுப் போளியை நெய்யில் தோய்த்து இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம், தங்கிவிட்டுப் போகலாமே என்று மருமகன் சொன்னபோது செருப்பைத் தேடினார். பஸ்கள் ஓடவில்லை. ஊர்வலம் பார்த்துத் திரும்பும் கூட்டத்துக்கு எதிராக, ரோஜா நிற வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டகள்ளி வரைக்கும் நடந்தே போனார்.

அதற்குப் பிறகு நிர்மலா துணிப்பையைக் கேட்கவில்லை. மெத்தைக்கு ஒரு ரப்பர் விரிப்பு வாங்கி வந்து வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டையன் இன்னும் சில வருடங்கள் அதே மாடியில் இருந்தார். ஒரு மார்கழி மாதத்தில் அங்கேயே இறந்தார். பசம்மா வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். மெஷின் இப்போது விஜயநகரில், முனிராஜின் அறையை ஒட்டிய குளியலறையில் இருக்கிறது. அதை அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். நிர்மலா எதற்கென்று கேட்கவில்லை.